முதன்முறை துணைக்குப் போகிறவருக்கு: வேலூரில் பாலியல் குற்ற வழக்கு, படிப்படியாக

அண்ணன் மகளோ, ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் பெண்ணோ, உங்கள் வகுப்புப் பிள்ளையோ, தனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே நீங்களும் வழக்கில் ஒரு ஆள். இது அப்படி ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கும் முதன்முறையாகத் துணைக்குப் போகிறவர்களுக்காக எழுதியது. வக்கீல்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் தவிப்பது அம்மா, சித்தி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அவள் சொல்வதே சாட்சியம். பார்த்த சாட்சி வேண்டும், காயம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. நம்பும்படியாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ஒற்றை வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கலாம் என்று 1996ல் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி தேவை என்ற கணக்கு இல்லை என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 134ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 139. ஆகவே துணைக்குப் போகிற உங்கள் வேலை சாட்சி தேடுவதல்ல. அவள் சொல்லை யாரும் திருத்தாமல், கூட்டாமல், குறைக்காமல் நீதிபதி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கேட்ட உடன்

குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். 'ஏன் அங்கே போனே', 'ஏன் கத்தலே' என்ற இரண்டும் வேண்டவே வேண்டாம். அவளாகச் சொல்லி முடித்ததும், அவள் போன பிறகு, தேதி, நேரம், அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள், அப்போது அவள் இருந்த நிலை இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலில் கேட்டவர் என்ற முறையில் பின்னால் உங்களையும் கூண்டில் ஏற்றுவார்கள். 'அழுதுகொண்டே வந்தாள், ஜாக்கெட் கிழிந்திருந்தது' என்று நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்வது செல்லும். 'அவன் கெட்டவன் என்று ஊருக்கே தெரியும்' என்பது செல்லாது.

அவளுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012ன் 19ஆம் பிரிவு, தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் தலைவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்று தலைமை ஆசிரியர் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 1098க்கு அழைத்தும் உதவி கேட்கலாம். பெரியவர்களானால் 181, ஆபத்து நேரத்தில் 112.

ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனா, எது முதலில்?

எது பக்கமோ அது. எஃப்.ஐ.ஆர். போட்டு வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்துவிட்டு அவர்களே போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் (புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 397). மறுப்பது குற்றம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு முதலில் போய்விட்டாலும் தவறில்லை.

முடிந்தால் குளிக்காமல், துணி மாற்றாமல் போவது நல்லது. குளித்துவிட்டாள் என்றால் 'எல்லாம் போச்சு' என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்போது போட்டிருந்த உடைகளைத் துவைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும், காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றுங்கள். மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல், சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கச் சொல்கிறது. ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வரவே அரை நாள் போய்விடும். தாமதமாகிவிட்டதே என்று திரும்பிப் போய்விடாதீர்கள், நேராக வாருங்கள். கரு தங்காமல் தடுக்கும் மாத்திரைக்கும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரக் கணக்கு உண்டு. அவர்கள் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். கரு தங்கிவிட்டால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. கலைத்த கருவின் திசுவை டி.என்.ஏ. சோதனைக்காகப் பாதுகாத்துப் போலீசிடம் ஒப்படைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், மறந்துவிடக்கூடாது.

பரிசோதனைக்கு அவளுடைய சம்மதம் வேண்டும். சிகிச்சையை மட்டும் ஏற்று மற்றதை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. சிறுமியைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கலாம் என்று போக்சோ 27ஆம் பிரிவு சொல்கிறது. 'இரு விரல் சோதனை' என்ற அந்த இழிவான முறைக்கு யாராவது தயாரானால் அங்கேயே நிறுத்துங்கள். 2013ல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்பவர் ஒழுங்கீனம் செய்தவராவார் என்றது.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) என்று ஒன்று எழுதுவார்கள். பலரும் கவனிக்காத தாள் இதுதான். பதற்றத்தில் கூட வந்த மாமா முந்திக்கொண்டு 'நாலு பேர் சார்' என்று சொல்லி, டாக்டர் அதை எழுதி, பின்னால் அவள் 'இரண்டு பேர்' என்று சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். டாக்டரிடம் அவளே பேசட்டும். பெயர் தெரியும் என்றால் பெயர், தெரியாது என்றால் தெரியாத ஆள். யூகம் வேண்டாம்.

காயமில்லை என்று சான்று வந்தால் கலங்காதீர்கள். உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

ஸ்டேஷனில்

எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். கிறிஸ்டியான்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஆந்திர எல்லையில் நடந்திருந்தாலும் காட்பாடியில் வாங்கியாக வேண்டும்; ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து அவர்களே அனுப்புவார்கள். ரயிலில் நடந்தால் விசாரிப்பது ரயில்வே போலீஸ். 2025 பிப்ரவரியில் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து கர்ப்பிணிப் பெண் தள்ளிவிடப்பட்ட வழக்கை ரயில்வே போலீஸ் விசாரித்தது. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. நேரில் வர முடியாவிட்டால் மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில் ஆட்டோவில் நடந்த கூட்டு வல்லுறவு வழக்கில் புகார் இணையம் வழியாகத்தான் வந்தது. 2025 ஜனவரியில் வேலூர் மகளிர் கோர்ட் நான்கு பேருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது.

பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும். அவளை ஸ்டேஷனுக்கு வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை, வீட்டிலேயே எழுதலாம். சிறுமியானால் அதிகாரி யூனிஃபார்மில் வரக்கூடாது, ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது (போக்சோ 24). ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசுகிற பெண்ணுக்கும், எல்லையோரத்துத் தெலுங்குப் பெண்ணுக்கும், சிகிச்சைக்காகவோ படிக்கவோ வடக்கிலிருந்து வந்து தமிழே தெரியாதவருக்கும் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். உறவுக்காரர் மொழிபெயர்த்தால் அவளுடைய வார்த்தை அவர் வார்த்தையாகிவிடும்.

சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்பாதீர்கள். அது புகார் வாங்கியதற்கு அடையாளம், வழக்கு அல்ல. 'முதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் போடுறோம்' என்று சொல்வார்கள். பூர்வாங்க விசாரணை என்று புதிய சட்டத்தில் ஒன்று உண்டுதான். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனையுள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முடிய வேண்டியது அது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. அதில் விசாரித்துப் பார்த்துப் போடுகிற பேச்சே கிடையாது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். போட மறுக்கும் காவல் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 199 சொல்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், பிறகு மேஜிஸ்ட்ரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அன்றே வாங்குங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணாக இருந்து, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்) அந்தச் சமூகங்களைச் சேராதவனாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டி.எஸ்.பி. தகுதியில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும், நிவாரணமும் தனியாக உண்டு.

சம்பவ தேதியையும் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள், அதற்குப் பின் என்றால் புதியவை.

புகாரில் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கோபத்தில் அவன் அப்பா, தம்பி பெயரையெல்லாம் சேர்க்காதீர்கள். எதிரி நிரபராதி என்றுதான் விசாரணை தொடங்கும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. பொய்யாகச் சேர்த்த ஒரு பெயர், உண்மையான பெயரையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். தாமதமாகப் புகார் கொடுத்தால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மிரட்டினான், அம்மா வெளியூரில் இருந்தாள், மானம் போய்விடுமே என்று பயந்தாள் என எதுவாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி. விளக்கம் இருந்தால் தாமதம் வழக்கைக் கொல்லாது.

164 வாக்குமூலம்

சட்டத்தில் எண் 183 என்று மாறிவிட்டது, கோர்ட் வராண்டாவில் இன்னும் '164' என்றுதான் சொல்வார்கள். மேஜிஸ்ட்ரேட் முன் தருவது. கூடுமானவரை பெண் மேஜிஸ்ட்ரேட். முந்தின நாள் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒப்பித்த வார்த்தையை நீதிபதிகள் சட்டென்று கண்டுபிடிப்பார்கள். சாப்பிட வைத்து, தூங்க வைத்து அழைத்து வாருங்கள், அது போதும்.

போலீசிடம் சொன்னது தனியாக நின்று சாட்சியம் ஆகாது. முரண்பாடு காட்டத்தான் எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தும். மேஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னது, பிறகு கோர்ட்டில் சொல்வதற்கு ஆதரவாகவும் நிற்கும், முரணாகவும் காட்டப்படும். கடைசியில் தீர்ப்பு நிற்பது கூண்டில் சொல்வதன் மேல். ஒரு விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளியின் 183 வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்தால் அதுவே முதல் விசாரணையாகக் கொள்ளப்படும், மறுபடி முழுக்கச் சொல்ல வேண்டாம், குறுக்கு விசாரணை மட்டும்தான். பேச்சு வராத பெண்ணின் வழக்கில் இதை யாரும் நினைவுபடுத்தாமல் விட்டுவிடக்கூடாது.

வயதுக்கு எந்தக் காகிதம்?

போக்சோ வழக்கின் உயிர்நாடி இது. பெரும்பாலான பெற்றோர் பள்ளி டி.சி.யைக் கொண்டுவந்து தருவார்கள். அது போதாது. தமிழ்நாட்டிலிருந்தே போன யுவபிரகாஷ் வழக்கில் 2023ல் உச்ச நீதிமன்றம், டி.சி.யை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று சொல்லி எதிரியை விடுவித்தது. இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று. எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. குற்றப்பத்திரிகை போவதற்கு முன்பே இவற்றில் ஒன்று கோப்பில் இருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

போனில் இருப்பது

வாட்ஸ்அப் செய்தியை, போட்டோவை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனே வேண்டும், அதோடு சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். போனை ஒப்படைக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். வீடியோ எடுத்து மிரட்டினான் என்றால் அதை 'ஆதாரம்' என்று உறவினர் குரூப்பில் ஒருமுறைகூட அனுப்பாதீர்கள். குழந்தையின் படமாக இருந்தால் அனுப்பியவரும் குற்றவாளி. கடை, பெட்ரோல் பங்க் சிசிடிவிகளில் பதிவு சில நாளிலேயே மேல் பதிவாகி அழிந்துவிடும். எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்று எழுதி முதல் நாளே விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

அவள் பெயர், படம், ஊர், பள்ளி, அப்பா பெயர் என அவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் (பாரதிய நியாய சன்ஹிதா 72). 'நீதி வேண்டும்' என்று பிளெக்ஸ் அடிக்கிற நல்லெண்ணக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

சம்மதம் என்ற கேள்வி

18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற வாதமே எடுபடாது. அதற்கு மேல், சம்மதம் என்றால் அந்த நேரத்தில், அந்தச் செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ தெளிவாகக் காட்டிய விருப்பம். போலீஸ், அரசு ஊழியர், சிறைக் காவலர், ஆஸ்பத்திரி ஊழியர், உறவினர், ஆசிரியர் போல அதிகாரமோ நம்பிக்கையோ உள்ளவன் மேல் வழக்கு என்றால், உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அவள் கோர்ட்டில் சொன்னாலே சம்மதம் இல்லை என்று கோர்ட் அனுமானித்தாக வேண்டும் (சாக்ஷ்ய அதிநியம் 120). காவல் நிலையத்தில் வைத்துச் சீரழிக்கப்பட்ட மதுரா என்ற பழங்குடிச் சிறுமியின் வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்ததும், நாடு முழுக்கப் பெண்கள் கொதித்தெழுந்ததும், அதனால் 1983ல் வந்த திருத்தமும்தான் இதன் வேர். போக்சோ 29ஆம் பிரிவிலும் அனுமானம் உண்டு. அதற்காக அரசுத் தரப்பு சும்மா இருந்துவிட முடியாது. அடிப்படை விவரங்களை அவர்கள் நிறுவிய பிறகுதான் சுமை எதிரி பக்கம் போகும்.

அவளுடைய முந்தைய காதல், நடத்தை எதுவும் சம்மதத்தை முடிவு செய்யப் பொருட்டல்ல என்கிறது சாக்ஷ்ய அதிநியத்தின் 48ஆம் பிரிவு. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்கவும் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 149ஆம் பிரிவின் விதிவிலக்கு.

சட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்துவது இன்னும் வல்லுறவாகக் கருதப்படவில்லை. பிரிந்து வாழும்போது செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 67ஆம் பிரிவு உண்டு. சேர்ந்து வாழ்பவளுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் 2005தான் வழி. சிறுவர்களுக்குப் போக்சோ முழுமையாகப் பொருந்தும். வளர்ந்த ஆண்களுக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு போன பிறகு புதிய சட்டம் எதையும் வைக்கவில்லை. திருநங்கையருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் தரும் தண்டனை அதிகபட்சம் இரண்டே ஆண்டு. இது அநியாயம், மாற வேண்டும்.

கூண்டில் ஏறும் நாள்

சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மகளிர் கோர்ட்டும் போக்சோ கோர்ட்டும் இருக்கின்றன. விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிரி முகம் தெரியாதபடி திரை கேட்கலாம், அல்லது வீடியோ வழியாகச் சாட்சி சொல்லலாம். 2004 சாக்ஷி வழக்கிலிருந்தே இது உண்டு. சிறுமியானால் வக்கீல் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். சம்மன் வந்ததும் அரசு வழக்கறிஞரைப் பார்த்து இவற்றை எழுத்தில் கேளுங்கள். அவளுக்கென்று தனி வக்கீல் வைத்து அரசு வழக்கறிஞருக்கு உதவவும் செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100க்கு அழையுங்கள்.

முந்தின நாள் கோர்ட் ஹாலைக் காட்டிவிட்டு வாருங்கள். யார் எங்கே உட்காருவார் என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். கதையைத் திருப்பிச் சொல்ல வைக்காதீர்கள். மூன்றே மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். கேள்வி புரியாவிட்டால் 'புரியலை' என்று சொல்லலாம். ஞாபகம் இல்லாவிட்டால் 'ஞாபகம் இல்லை' என்று சொல்லலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியில் வரிசையாக, 'நீங்கள் பணத்துக்காகப் பொய்ப் புகார் கொடுத்தீர்கள் என்று சொன்னால் சரிதானே' என்பது மாதிரி அடுக்குவார். அழுகை வரும், ஆனால் 'சரியல்ல' என்ற ஒரு சொல் போதும். வாயடைத்துத் தலையாட்டிவிட்டால் 'சரிதான்' என்று பதிவாகிவிடும் ஆபத்து உண்டு.

சிறு சிறு முரண்பாடு வரத்தான் செய்யும். சிவப்புச் சட்டையா ஊதாவா, மணி ஏழா ஏழரையா என்பதில் வழக்கு விழாது. யார், என்ன செய்தான் என்ற மையம் மாறக்கூடாது. கோர்ட் தேடுவதும் அதைத்தான்.

ராஜி பேச வருகிறவர்கள்

குற்றப்பத்திரிகைக்கும் சாட்சிக்கும் நடுவில் வருவார்கள். ஊர்ப் பெரியவர், உறவுக்காரர், சில நேரம் கட்சிக்காரர். 'அவனையே கட்டி வெச்சிடலாம்', 'இவ்வளவு வாங்கிக்கோ' என்பார்கள். வல்லுறவு வழக்கு ராஜியாகும் வழக்கல்ல. சமரசம் ஆகிவிட்டது என்று காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் நிபந்தனை என்ற பெயரில்கூடச் சமரசத்தைத் தூண்டக்கூடாது என்று 2021ல் அபர்ணா பட் வழக்கில் சொன்னது. மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் போலீசிடமும் அரசு வழக்கறிஞரிடமும் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்ய அந்தக் காகிதம்தான் உதவும். ஜாமீன் மனு விசாரணையில் நம் தரப்பையும் கேட்க வேண்டும் என்று கோரலாம்.

பணம், மேல்முறையீடு

இழப்பீடு பெறத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். எதிரி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். வயது வந்தவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடலாம். கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும், மாமா பெயரில் வேண்டாம். எதிரி விடுதலையானாலோ, சின்னப் பிரிவில் மட்டும் தண்டனை பெற்றாலோ, அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அவளே செய்யலாம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 413). தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.